தைலக் கொப்பரைக்குக் கூடுதல் கருவிகள் வேண்டுமா?

1843-இல் நீலகிரிக்கு வந்த யூகலிப்டஸ் மரத்தின் இலை, இன்றும் அம்மலையில் பல குடும்பங்களுக்குப் பிழைப்பளித்து வருகிறது. இலையைச் செப்புக் கொப்பரையில் நீருடன் கொதிக்கவைத்துத் தைலம் வடிக்கும் இக்குடிசைத் தொழிலுக்கு மேலும் கருவிகள் வாங்குவதால் பயனுண்டா என்பதை ஆராய்வோம்.

100 கிலோ இலையிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 1 கிலோ தைலமே. ஆகவே வீணாகும் ஒவ்வொரு துளியும் உழைப்பவரின் கூலியைக் குறைக்கும். வடிநீர் சூடாக வெளிவருமாயின், தைலத்தின் ஒரு பகுதி ஆவியாகவே போய்விடுகிறது என்று அறியலாம். எனவே, தொட்டியில் அமிழ்ந்துள்ள சுருள் குழாயை நீளமாக்குவதற்குச் செலவிடுவதே முதல் வேலை. தொட்டி நீரை அடிக்கடி மாற்றினாலும் நன்மையுண்டு. அதற்குச் செலவே இல்லை!

இலை அடித்தகட்டைத் தொடாதபடி, நீர்மட்டத்துக்கு மேலே துளைத்தட்டு ஒன்றை அமைப்பதும் நன்று. இலை தீய்ந்தால் அந்நாற்றம் தைலத்திலும் ஏறும். வியாபாரி முகர்ந்தவுடனே விலையைக் குறைத்துவிடுவார். தைலம் நீரைவிட இலேசானது, மேலே மிதப்பது. அதனால் அடிநீரை மட்டும் வெளியேற்றும் வளைகுழாய்ப் பாத்திரம் ஒன்று போதும். ஊர்க் கன்னாரே செய்து தருவார்.

தனி நீராவிக் கொதிகலன் மட்டும் நமக்குச் சம்மதமில்லை. ஒரே கொப்பரை வைத்திருப்போர் அதனை வாங்கினால் கடன்தான் மிஞ்சும். பல குடும்பங்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, நாள்தோறும் இலை குவியுமாயின் அப்பொழுது யோசிக்கலாம். அதுவரை, ஈர விறகை உலர்த்தி எரித்தாலே எரிபொருள் மிச்சப்படும்.