தண்ணீர்த் தொட்டியும் பெர்ல் ப்ரோகிராமும்

தில்லியில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்குத் தண்ணீர் வரும் நேரத்தைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலரை மணிக்கு வரும் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்வார். நாலு மணிக்கே வந்து போயிருக்கும். நாங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் என் மனைவி அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து போய்க் குழாயைத் திறந்து பார்ப்பார். புஸ்ஸென்று காற்று வரும். திரும்பி வந்து படுப்பார். மறுநாள் பகலெல்லாம் கண் எரிச்சல். ஒரு நாள் அவருக்கே ஒரு யோசனை தோன்றியது. இரவு படுக்கும்போதே குழாயைத் திறந்து வைத்து, அதன் அடியில் ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார். தண்ணீர் விழுந்ததும் தாம்பாளம் தடதடவென்று சத்தம் போடும்; எழுந்திருக்கலாம். அதுவரை நிம்மதியான தூக்கம்.

கணிப்பொறிக்கு ப்ரோகிராம் எழுதுவதிலும் இந்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 'வந்துவிட்டதா, வந்துவிட்டதா' என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பது. மற்றொன்று, 'வந்தால் சொல்லு' என்று ஏற்பாடு செய்துவிட்டுக் காத்திருப்பது. இந்த இரண்டாவது முறைக்கு 'ஈவென்ட் டிரிவன்' என்று பெயர். ஈவென்ட் என்றால் நிகழ்ச்சி. நிகழ்ச்சி நடந்தால் வேலை, இல்லையேல் ஓய்வு.

ரயில்வே சிக்னல் இலாகாவில் காலம் தள்ளிய என் போன்றவர்களுக்கு இது புதிதல்ல. தண்டவாளத்தில் மெல்லிய மின்சாரத்தை ஓடவிட்டு, அதன் மறுமுனையில் ஒரு ரிலேயை இணைத்திருப்பார்கள். ரயிலின் சக்கரங்கள் ஏறியதும் மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். 1872ல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் கண்ட ஏற்பாடு இது. ரயில் வந்ததா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ரயிலே வந்து சொல்கிறது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஒரு கோடைக்காலத்தில் நான் கோட்டை விட்டேன். அந்தக் கதையைச் சொன்னால் இளைஞர்களுக்குப் பயன்படும் என்றே இதை எழுதுகிறேன்.

என் கைவேலையால் வந்த வினை

எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள். கீழே சம்ப், மாடியில் தொட்டி, நடுவில் மோட்டார். 2017ல், இங்கேயே வளர்ந்த ஒரு தமிழ்ப் பையன், பழைய கணிப்பொறி ஒன்றில் லினக்ஸ் போட்டு, பெர்ல் மொழியில் ஒரு ப்ரோகிராம் எழுதி மோட்டாரை அதனுடன் இணைத்தான். பெர்ல் என்பது 1987ல் லாரி வால் என்பவர் உருவாக்கிய மொழி. எழுத்துக்களையும் வரிகளையும் பிரித்து ஆராய்வதில் கெட்டிக்கார மொழி. பெரும்பாலான லினக்ஸ் கணிப்பொறிகளில் கூடவே வந்துவிடும், தனிச் செலவில்லை.

பையன் எழுதியது ஒரே ஒரு சுழற்சி. சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா பார், மாடித் தொட்டி நிரம்பியதா பார், அதற்கேற்ப மோட்டாரைப் போடு அல்லது நிறுத்து, கணக்கில் எழுது, பத்து விநாடி தூங்கு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கு. ஒழுங்காகவே ஓடியது. வெளிநாடு கிளம்பும்போது, "அங்கிள், இனிமே நீங்கதான் பார்த்துக்கணும்" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான்.

2019 மே மாதம். மோட்டார் ஓடத் தொடங்கியதும் கைப்பேசிக்குச் செய்தி வந்தால் நன்றாயிருக்குமே என்று செயலாளர் கேட்டார். நானும் உற்சாகமாக அந்தச் சுழற்சியின் நடுவில் பத்து வரிகளைச் செருகினேன். மோடத்திடம் செய்தியைக் கொடு. 'அனுப்பியாயிற்று' என்று அது சொல்லும் வரை காத்திரு. அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து, ஓர் இரவு மோடம் பதில் சொல்லவில்லை. ப்ரோகிராம் அந்த வரியிலேயே நின்றது. மோட்டாரை அப்போதுதான் போட்டிருந்தது. மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது, பார்க்க ஆளில்லை. சம்ப் வற்றியது, அதையும் பார்க்க ஆளில்லை. தண்ணீரில்லாமல் ஓடிய மோட்டாரின் காயில் எரிந்துபோயிற்று. மே மாத வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் இல்லை. மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் எண்பது வயதுப் பாட்டி ஒருவர், அரை வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேலே ஏற முடியாமல் முதல் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். வாளியை வாங்கிக்கொண்டு போய் வைத்தேன். "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சாமே" என்றார். கெட்டது கம்ப்யூட்டர் அல்ல என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் செய்த பரிகாரத்துக்கும் ப்ரோகிராமுக்கும் சம்பந்தமில்லை. தொட்டி நிரம்பினாலும் சம்ப் வற்றினாலும் மோட்டாரின் ஸ்டார்ட்டரை நேராகவே துண்டிக்கும்படி இரண்டு மிதவை ஸ்விட்சுகளை வைத்தோம். அவை எந்தக் கணிப்பொறியையும் கேட்பதில்லை. ஆபத்தைத் தடுக்கும் கடைசிக் காவலை ப்ரோகிராமிடம் மட்டும் விடக்கூடாது என்பது சிக்னல்காரனின் பாலபாடம். அதன் பிறகே ப்ரோகிராமைத் திருத்த உட்கார்ந்தேன்.

'போ' என்றொரு ஏற்பாடு

பெர்ல் மொழிக்காரர்கள் எழுதியவற்றையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து இலவசமாக வழங்கும் 'சிபான்' என்ற களஞ்சியம் 1995 முதல் இருக்கிறது. அதில் 1998ல் ராக்கோ கபூட்டோ என்பவர் வெளியிட்ட ஒன்றின் பெயர் 'போ'. ஆங்கிலத்தில் மூன்றெழுத்து, நம் காதுக்கு 'போ' என்றே கேட்கும். அதன் தத்துவமும் அதுதான்: வந்த வேலையை முடித்துவிட்டு உடனே போ!

இதில் நடுநாயகமாக இருப்பது 'கெர்னல்'. ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கீழே 'செஷன்' எனப்படும் பல மேஜைகள். இன்ன நிகழ்ச்சி வந்தால் இன்ன வேலை என்று ஒவ்வொரு மேஜையும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கும். நிகழ்ச்சிகள் வரிசையில் வந்து நிற்கும். கெர்னல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து உரிய மேஜைக்கு அனுப்பும். ஒரு மேஜை தனக்கே நிகழ்ச்சி அனுப்பிக்கொள்ள 'யீல்ட்', மற்றொரு மேஜைக்கு அனுப்ப 'போஸ்ட்', இத்தனை விநாடி கழித்து வரச்செய்ய 'டிலே'. ஒயரில் வரும் வரிகளைப் படிப்பது, வேறொரு ப்ரோகிராமைத் தனியே ஓடவிட்டு அதன் முடிவை அறிவது போன்ற அன்றாட வேலைகளுக்கு 'வீல்' என்ற ஆயத்தச் சக்கரங்களும் உண்டு.

ஒன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கெர்னல் ஒரு நேரத்தில் ஒரு மேஜையைத்தான் கவனிக்கும். அந்த மேஜை வேலையை முடித்துக் கையைக் காலி செய்யும் வரை மற்றவை எல்லாம் நிற்கும். ஆகவே மேஜையில் உட்கார்ந்து எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. 'தூங்கு' என்ற கட்டளைக்கு இங்கே இடமே இல்லை. நான் செருகிய பத்து வரிகளின் குற்றம் இதுவே. அற்பமான ஒரு வேலைக்காக அத்தியாவசியமான வேலையைக் காக்க வைத்துவிட்டேன்.

பிடுங்கினால் வர வேண்டும், செருகினால் ஓட வேண்டும்

எங்கள் ரிலே அறையில் 'க்யூ' வகை ரிலேக்கள் உண்டு. ப்ளக்-இன் ரிலே என்போம். ஒயரைத் தொடாமல் பழைய ரிலேயைப் பிடுங்கிப் புதியதைச் செருகிவிடலாம். இடம் மாறிச் செருகிவிடாதிருக்க, ஒவ்வொரு வகைக்கும் பின்புறம் குறியீட்டு ஊசிகள் வேறுபட்டிருக்கும்.

மென்பொருளிலும் ப்ளகின் என்றால் அதுவே. போ ஏற்பாட்டில் இதற்கென்றே 'ப்ளகபிள்' என்ற அடித்தளம் இருக்கிறது. இணையத்தில் பலர் கூடி உரையாடும் ஐ.ஆர்.சி. முறைக்கான பெர்ல் காம்பொனென்ட் இந்த ப்ளகின் முறைக்குப் பெயர்பெற்றது. அரட்டை அறையில் தானாகப் பதில் சொல்லும் 'பாட்'களை அதன் மேல்தான் எழுதுவார்கள். ஒவ்வொரு திறமையும் ஒரு ப்ளகின். நானும் அதே வழியைப் பின்பற்றினேன்.

நடுவில் இருக்கும் காம்பொனென்டுக்குத் தெரிந்தவை சம்ப், தொட்டி, மோட்டார் மட்டுமே. 'தண்ணீர் வந்தது', 'தொட்டி நிரம்பியது', 'மோட்டார் நின்றது' என்று அது அறிவிக்கும். கேட்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. கணக்கு எழுதுவது ஒரு ப்ளகின். காவலாளி அறையில் மணி அடிப்பது ஒன்று. கைப்பேசிச் செய்தி ஒன்று. ஒவ்வொரு ப்ளகினும் உள்ளே நுழையும்போது 'எனக்கு இன்னின்ன நிகழ்ச்சிகள் வேண்டும்' என்று பதிவு செய்துகொள்கிறது. இதுதான் குறியீட்டு ஊசி. பதிவு சரியாக முடியாவிட்டால் அந்த ப்ளகினுக்கு உள்ளே இடமில்லை. ப்ரோகிராமை நிறுத்தாமலே ஒன்றைச் சேர்க்கலாம், நீக்கலாம். ஒரு ப்ளகின் பிழையில் இடறி விழுந்தால்கூட மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் விழாமல், திரும்பாமல், நடுவில் நின்றுவிட்டால்? எல்லாமே நிற்கும். அதற்கு எந்த அடித்தளமும் மருந்தல்ல. ஆகவே செய்தி ப்ளகின் இப்போது மோடத்திடம் நேராகப் பேசுவதில்லை. அந்த வேலையைத் தனி ப்ரோகிராம் ஒன்றிடம் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடுகிறது. மோடம் ஊமையானால் செய்தி போகாது, தண்ணீர் போகும்.

பந்தியில் முந்தலாமா?

நிகழ்ச்சி ஒவ்வொரு ப்ளகினாக வரிசைப்படி செல்கிறது. கல்யாணப் பந்தியில் பரிமாறிக்கொண்டு வருவது போல. ஒவ்வொரு ப்ளகினும் தான் பார்த்தபின் ஒரு பதில் சொல்ல வேண்டும். 'ஈட் நன்' என்றால் நான் சாப்பிடவில்லை, அடுத்த இலைக்குப் போகட்டும். 'ஈட் ஆல்' என்றால் நானே சாப்பிட்டுவிட்டேன், மேலே போக வேண்டாம். பெர்ல்காரர்கள் வைத்த பெயர்களே இவை!

இரவு பதினொன்று முதல் ஐந்து மணி வரை யாருடைய கைப்பேசியும் அலறக்கூடாது என்று ஒரு 'இரவு அமைதி' ப்ளகின் எழுதினேன். அந்நேரத்து நிகழ்ச்சிகளை அது விழுங்கிவிடும். அதைப் பெருமையாக வரிசையின் முதல் இடத்தில் உட்கார வைத்தேன். மறுநாள் பார்த்தால் கணக்குப் புத்தகத்தில் ஓர் இரவு முழுவதும் வெற்றிடம். முதல் இலைக்காரர் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டால் பின்னால் இருப்பவருக்கு என்ன மிஞ்சும்? கணக்கு முதலில், மணி அடுத்து, இரவு அமைதி மூன்றாவது, செய்தி கடைசி என்று மாற்றியதும் சரியாயிற்று.

வராத செய்தியும் செய்தியே

'வந்தால் சொல்லு' என்ற முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. தாம்பாளத்தை யாராவது எடுத்துவிட்டால்? தொட்டியின் ஒயரை எலி கடித்துவிட்டால்? 'நிரம்பியது' என்ற நிகழ்ச்சி வரவே வராது. ப்ரோகிராம் சமர்த்தாகக் காத்துக்கொண்டே இருக்கும். ரயில்வேயில் ஒயர் அறுந்தாலும் ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகும். மௌனத்தை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிற ஏற்பாடு அது. இங்கே அந்த வேலையை 'டிலே' செய்கிறது. மோட்டார் ஓடத் தொடங்கியதும், அறுபது நிமிடம் கழித்து 'நேரம் கடந்தது' என்ற நிகழ்ச்சி வரும்படி வைத்துவிடுகிறேன். அதற்குள் தொட்டி நிரம்பினால் அதை ரத்து செய்துவிடலாம். நிரம்பாவிட்டால் அது வந்து மோட்டாரை நிறுத்தி, காவலாளியின் மணியையும் அடிக்கும்.

2023ல் எங்கள் குடியிருப்பில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், மோட்டார் தினமும் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று கூட்டிச் சொல்லும் ப்ளகின் ஒன்றை எழுதினாள். அவளுக்குத் தெரிந்தது பைத்தான். அதிலும் 'அசின்க்ஐஓ' என்று இதே தத்துவம் இருக்கிறது. 2009ல் வந்த நோட் ஜேஎஸ்ஸிலும் இதுவேதான். ஆகவே ஒரு வாரத்தில் பெர்லைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வரி எழுதினாள். என் ப்ரோகிராமின் ஒரு வரியையும் தொடவில்லை. அடுத்த மாதமே, தொட்டி நிரம்ப நாற்பது நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது ஐம்பத்திரண்டாக ஏறியிருப்பதைக் காட்டினாள். தேடிப் பார்த்ததில் மாடிக்கு ஏறும் குழாயின் ஓர் இணைப்பில் கசிவு. எனக்குக் கேட்கவே தோன்றாத கேள்வி அது.

நம்மில் பலர் மாற்றல் உத்தரவுடன் ஊர் ஊராகப் போனவர்கள். ஒவ்வோர் இடத்திலும் சார்ஜ் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டே கிளம்பினோம். அன்று அந்தப் பையன் என்னிடம் ஒப்படைத்தபோது, தொட்டால் எது நிற்குமோ என்று தெரியாத ஒரே சுருணையாக இருந்தது. நான் ஒப்படைக்கும்போது அப்படி இருக்கக்கூடாது. எந்த ப்ளகின் எதைக் கேட்கிறது, வரிசை என்ன, பிடுங்கினால் எது நிற்கும், எது நிற்காது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி, காவலாளி அறையில் கணிப்பொறிக்கு மேலேயே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் ப்ளகினைப் பற்றிய பக்கத்தை அவளையே எழுதச் சொன்னேன். எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.