நுண்ணறிவுப் பரீட்சைக்கு மீளத் தோற்றுதல்

உத்தியோகத்துக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் போட்டிப் பரீட்சைகள் பலவற்றில் நுண்ணறிவு வினாத்தாள் ஒன்று இடம்பெறும். எண் தொடரொன்றில் அடுத்து வருவது யாது, நான்கு உருவங்களுள் இனத்தோடு சேராதது எது என்பன போன்ற வினாக்கள் அதிற் கேட்கப்படும். கற்ற பாடத்தையன்றிக் கற்கும் ஆற்றலை அளப்பதே அதன் நோக்கம் என்பர். இலங்கை நிர்வாக சேவைக்கான திறந்த போட்டிப் பரீட்சையிலும் இத்தகைய தாள் உண்டு. அளக்கப்படுவது இயல்பான ஆற்றலேயாயின், முதன்முறை தவறியவர் மறுமுறை கூடிய புள்ளி பெறுவது எங்ஙனம்?

தீவுப்பகுதியினர்க்கு இது வெறும் ஏட்டு வினாவன்று. நன்னீர் அரிதான புங்குடுதீவிலே, மடத்துவெளி முதலாய குறிச்சிகளிற் பல குடும்பங்களைத் தாங்கியவை வெளியூர் வாணிபமும் அரசாங்க உத்தியோகமுமேயாம். ஒரு புள்ளியால் தவறுவோனுடைய குடும்பம் எத்தனை ஆண்டு பின்தங்கும் என்பதை இங்குள்ளார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மீளத் தோற்றுவோர் பெறும் ஏற்றத்தை ஹவுஸ்னெக்ட் என்பவரும் அவர்தம் துணைவரும் 2007 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்தனர். முதலாம் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையே புள்ளிகள் சராசரியாக நியம விலகலில் நான்கில் ஒரு பங்களவு உயர்ந்தன. நூறு பேர் வரிசையில் நடுவே நின்ற ஒருவன், ஏனையோர் முதன்முறைப் புள்ளியோடு நிற்கப் பத்துப் பேரைத் தாண்டி முன்னேறுவதற்கு ஒப்பாகும் இது. அதே வினாத்தாள் மீண்டும் வந்தாலும், இடையிற் பயிற்சி பெற்றாலும் ஏற்றம் இன்னும் மிகும். ஆயினும் அது முடிவின்றி வளர்வதில்லை. மூன்றாம் முறைக்குப் பின் பெரும்பாலும் தணிந்துவிடுகின்றது.

இவ்வேற்றத்தின் காரணங்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று தற்செயல். காய்ச்சலோடு எழுதியவனும், நெடுந்தீவிலிருந்து விடியற்காலை படகேறிக் குறிகாட்டுவானில் இறங்கி, பஸ்ஸில் நின்றபடியே நகரம் சேர்ந்தவனும் தம் ஆற்றலுக்குக் குறைந்த புள்ளியே பெற்றிருக்கக்கூடும். நற்பேறு வாய்த்தவன் சித்தியடைந்து போய்விடுகின்றான். பேறு வாய்க்காதவனே திரும்பி வருகின்றான். ஆகவே திரும்பி வருவோரின் சராசரி, அறிவு ஒரு சிறிதும் வளராதபோதும் உயரவே செய்யும்.

மற்றொன்று பழக்கம், பெரிதும் கருதத்தக்கது இதுவே. வினாவின் அமைப்பை முன்பு கண்டவனுக்கு அதனை விளங்கிக்கொள்ளும் நேரம் மிச்சமாகின்றது. கடினமான வினாவை விட்டு அடுத்ததற்குச் செல்லும் துணிவும் வருகின்றது. லீவன்ஸ் முதலிய மூவர் 2007 இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு இயைவதே: மீளப் பெற்ற புள்ளியிற் பொது நுண்ணறிவின் பங்கு முதற்புள்ளியிற் காணப்பட்டதைவிடக் குறைந்திருந்தது. உயர்ந்தது ஆற்றலன்று, தாளோடு கொண்ட பரிச்சயமே என்னலாம்.

இதுகொண்டு மீளத் தோற்றுதலைத் தடை செய்க என்பார் சிலர். அவர் கூற்று எமக்கு உடன்பாடன்று. கொழும்பிலே தனியார் வகுப்பிற் பல மாதிரித் தாள்களை எழுதிவிட்டு வருபவன் முதன்முறை தோற்றுகின்றான் என்பது பெயரளவிலேயே உண்மை. தாளை அன்றுதான் முதலிற் காணும் தீவுப் பிள்ளையின் முதற்புள்ளியை அதனோடு ஒப்பிடுதல் நீதியாகாது. இந்தியக் குடிமைப்பணி முதனிலைத் தேர்விலே 2011 இற் புகுத்தப்பட்ட திறனறித் தாள் பெருங் கிளர்ச்சிக்கு இடமாயிற்று. 2015 முதல் அதில் 33 வீதம் பெற்றாற் போதும். தரவரிசைக்கு அப்புள்ளி சேர்க்கப்படுவதில்லை. இது சிக்கலை அவிழ்ப்பதன்று, ஒதுக்கிவைப்பதே.

அதனினும் எளிய வழி, பழக்கத்தை முன்னரே எல்லார்க்கும் பொதுவாக்குதல். விண்ணப்பதாரி ஒவ்வொருவர்க்கும் மாதிரித் தாள்களை விடையோடு இலவசமாய் வழங்கலாம். தோற்றுந்தோறும் வேறு தாள் அமைக்கலாம். அதுவரையிற் கிராமச் சனசமூக நிலையங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய தாள்கள் இரண்டு மூன்றும், சுவரில் ஒரு மணிக்கூடும், நேரம் முடிந்ததும் தாளைத் தயங்காது பறிக்கும் ஒருவரும் இருந்தாற் போதும். மூன்றாந் தாளோடு புள்ளி உயர்வது தணியுமாயின், பிள்ளை மண்டபத்திற் பெறப்போவது ஏறத்தாழ அப்புள்ளியே எனக் கொள்ளலாம்.