இரத்தம் குடிக்காத மாட்டுப் பேன்

மாட்டுப் பேன் எல்லாமே இரத்தம் உறிஞ்சும் என்று நினைக்கிறோம், இல்லையா? போவிகோலா போவிஸ் என்ற பேன் அப்படியல்ல. 2 மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம், செம்பழுப்பு நிறம், அகன்ற தலை. மாட்டின் தோலில் உதிரும் பொடுகையும் செதிலையும் மென்றே வாழ்கிறது. இந்த இனத்தில் ஆண் பேன் அரிது; பெண் பேன் இணை சேராமலே முட்டையிட்டுப் பெருகும்! குளிர்காலத்தில் மாட்டின் முடி அடர்ந்ததும் பேனுக்குக் கொண்டாட்டம். அரிப்புத் தாங்காத மாடு கம்பத்தில் உரசி உரசி முடியை இழக்கும்.

இரத்தம் குடிக்காததால் இந்தப் பேனிடம் ஊசி மருந்து அவ்வளவாக எடுபடாது. முதுகில் ஊற்றும் மருந்துதான் நன்றாகக் கேட்கும். ஆனால் முடியில் ஒட்டியிருக்கும் ஈர் பெரும்பாலும் அதற்கும் தப்பிவிடும். ஒரு வாரம், பத்து நாளில் அது பொரிந்து மறுபடியும் பேன்தான். அதனால் பல மருந்துகளை இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை போட வேண்டியிருக்கும். ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் தொற்றும் என்பதால், கால்நடை மருத்துவரிடம் கேட்டு, தொழுவத்தில் உள்ள எல்லா மாடுகளுக்கும் ஒரே நாளில் மருந்து போடுங்கள், நேயர்களே.