மணி அடிச்சா உயிர் பிழைக்குமா?

இந்த எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கிறேன்.

போன மாசம் 'சேவ்ட் பை தி பெல்' எங்கிருந்து வந்ததுன்னு ஒரு கதை சொன்னேன், ஞாபகம் இருக்கா? 1500-கள்ல இங்கிலாந்துல சில பேரை உயிர் இருக்கும்போதே தெரியாம புதைச்சிடுவாங்க. அதனால கையில ஒரு கயிறு கட்டி, மறுமுனையை மேலே ஒரு மணியில கட்டிடுவாங்க. உள்ளே இருக்கிறவர் கண் முழிச்சா மணி அடிக்கும். ராத்திரி முழுக்க அதைக் கேட்டுட்டு உட்கார்ந்திருக்கிற வேலைதான் 'கிரேவ்யார்டு ஷிஃப்ட்', அடிச்ச ஆள் 'டெட் ரிங்கர்'னும் சேர்த்து அளந்துவிட்டேன். நிறைய பேர் அதை ஷேர் பண்ணீங்க. அதுதான் உறுத்துது, ஏன்னா மூணுமே தப்பு.

அந்தக் கதை 1999-ல ஈமெயில் ஃபார்வர்டா சுத்தினது. வாட்ஸ்அப் வர்றதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப் யுனிவர்சிட்டி இருந்திருக்கு!

நான் ஏமாந்ததுக்கு ஒரு காரணம், மணி வைச்ச சவப்பெட்டி நிஜமாவே இருந்தது. ஆனா 1500-கள்ல இல்ல, 19-ஆம் நூற்றாண்டுல. காலரா காலத்துல அவசர அவசரமா புதைச்சதால, உயிரோட புதைச்சிடுவாங்களோங்கிற பயம் பரவலா இருந்தது. எட்கர் ஆலன் போ 1844-ல இதை வைச்சே ஒரு சிறுகதை எழுதினார். 1868-ல ஃப்ரான்ஸ் வெஸ்டர்னு ஒருத்தர் அமெரிக்காவுல இப்படி ஒரு பெட்டிக்குப் பேட்டண்ட்டே வாங்கினார். முகத்துக்கு நேரா ஒரு குழாய், ஏறி வர ஏணி, ஏற முடியலைன்னா இழுக்க மணிக்கயிறு. ஆள் நிஜமாவே இறந்துட்டா குழாயைக் கழட்டி அடுத்தவருக்கு வைச்சுக்கலாம்! ஆனா இந்த மாதிரி பெட்டியால ஒருத்தர் பிழைச்சதா பதிவு கிடையாது.

அப்போ அந்தச் சொற்றொடர்? குத்துச்சண்டையில இருந்து வந்தது. 1867-ல வெளியான குவின்ஸ்பெரி விதிகள்படி ஒரு ரவுண்டு மூணு நிமிஷம், நடுவுல ஒரு நிமிஷம் ஓய்வு. கீழே விழுந்தவர் பத்து எண்றதுக்குள்ள எழுந்துக்கணும். எட்டு, ஒன்பதுன்னு எண்ணும்போது ரவுண்டு முடியிற மணி அடிச்சிட்டா? எண்ணிக்கை நின்னுடும். தோத்துட்டார்னு நினைச்ச ஆள் மூலையில உட்கார்ந்து தண்ணி குடிச்சிட்டு திரும்ப வருவார். 'சார்பட்டா பரம்பரை' பார்த்தவங்களுக்கு அந்த ஒரு நிமிஷத்தோட மதிப்பு தெரியும்.

'டெட் ரிங்கர்'ல மணியே இல்ல. குதிரைப் பந்தயத்துல ஒரு குதிரைக்குப் பதிலா, அதே மாதிரி இருக்கிற வேகமான குதிரையைத் திருட்டுத்தனமா இறக்குவாங்க. அதுக்குப் பேர் ரிங்கர். 'டெட்'னா இங்கே சாவு இல்ல, 'அச்சு அசல்'னு அர்த்தம். 'டெட் சென்டர்'னு சொல்றோமே, அது மாதிரி. கிரேவ்யார்டு ஷிஃப்ட்டுக்குப் பெரிய கதையே கிடையாது. நடுராத்திரி கல்லறைத் தோட்டம் மாதிரி அமைதியா இருக்கும், அவ்வளவுதான். நைட் ஷிஃப்ட் போறவங்களைக் கேளுங்க.

பழைய எபிசோடுல திருத்தம் போட்டுட்டேன். ஃபார்வர்ட் பண்ணினவங்க இதையும் ஃபார்வர்ட் பண்ணிடுங்க.

கடைசியா ஒண்ணு. இன்னைக்குப் பல தொழில்முறை குத்துச்சண்டைப் போட்டிகள்ல அந்த விதியை மாத்திட்டாங்க. மணி அடிச்சாலும் நடுவர் பத்து வரைக்கும் எண்ணிட்டே இருப்பார். விழுந்தவர் தானா எழுந்தாதான் உண்டு.