நங்கூரத்தின் பலம் எங்கே இருக்கிறது?

2024 ஜூலை முதல் தேதி பெரில் புயல் கரீபியக் கடலிலுள்ள கரியாக்கு தீவைத் தாக்கி, அங்கே ஒதுங்கியிருந்த உல்லாசப் பாய்ப்படகுகளைக் கரையில் தூக்கி எறிந்துவிட்டுப் போன படங்களைப் பார்த்த வாசகர் ஒருவர், இத்தனை பணம் போட்டுப் படகு வாங்கியவர்கள் இன்னும் கனமான நங்கூரம் ஒன்றை வாங்கியிருக்கக் கூடாதா என்று வினவியிருக்கிறார். நான்காம் தரப் புயலின் முன் எந்த நங்கூரத்தின் வாதமும் எடுபடாது, அதை விட்டுவிடுவோம். ஆனால் நங்கூரம் தன் கனத்தினாலேயே படகை நிறுத்துகிறது என்ற பிரமை மட்டும் பரிசீலனைக்கு உரியது. ஏனெனில் 10 டன் படகைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் 20 அல்லது 25 கிலோ இரும்புதான்.

கரியாக்குக்குச் சற்று வடக்கே, செயின்ட் வின்சென்ட் நாட்டைச் சேர்ந்த டொபேகோ கேஸ் என்னும் சிறு தீவுக் கூட்டத்தில், கிழக்கே வளைந்து கிடக்கும் பவளப்பாறை அட்லாண்டிக்கின் பேரலைகளை உடைத்துவிடுகிறதேயன்றி, நேர் கிழக்கே ஆப்பிரிக்காவரை தடையேதுமின்றி வரும் வியாபாரக் காற்றைத் தடுப்பதில்லை. அங்கே நங்கூரமிட்ட படகின் நிலை, கொல்லையில் முளையடித்துக் கட்டிய பசுவின் நிலைதான். நீண்ட கயிறு தரையோடு தரையாக இழுபட்டால் முளை அசையாது. குட்டைக் கயிற்றை மேல்நோக்கி வெட்டி இழுத்தாலோ கன்றுக்குட்டிகூடப் பிடுங்கிவிடும். பசுவைப் போலவே படகும் இடமும் வலமுமாக அலைந்து ஒவ்வொரு கோடியிலும் வெட்டி இழுக்கிறது. பக்கத்துப் பசுவின் கயிற்றோடு பின்னிக்கொண்டு, சொந்தக்காரர் இருவரையும் நள்ளிரவில் உரத்த குரலில் பேசவைக்கிறது. பசுவை நாம் கறக்கிறோம், படகு நம்மைக் கறக்கிறது என்பதே வித்தியாசம்.

நங்கூரத்தின் அலகு மணலில் மேலும் மேலும் புதைய வேண்டுமானால் அதன் தண்டு கிடையாக இழுபட வேண்டும். படகின் முன்முனையான அணியத்திலிருந்து வளைந்து தொங்கும் சங்கிலியின் கடைசிக் கண்ணிகள் கடலடியில் படுத்திருக்கும் வரையில் இழுப்பு கிடையாகவே இருக்கும். காற்று வலுக்க வலுக்கப் படகு பின்வாங்கி, படுத்திருக்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தூக்குகிறது. அப்படித் தூக்குவதிலேயே காற்றின் ஆவேசம் செலவாகிவிடுவதால் அதிர்ச்சி நங்கூரத்தை எட்டுவதில்லை. எத்தனை ஆழமானாலும் ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு சங்கிலி விட்டால் போதும் என்று கற்றுக்கொடுக்கும் சுலப சூத்திரத்தைக் கணிதம் அழகாகக் கவிழ்ப்பதும் இங்கேதான். தண்ணீருக்குள் மீட்டருக்குச் சுமார் 2 கிலோ கனக்கும் 10 மில்லிமீட்டர் சங்கிலியை, அணியத்திலிருந்து அளந்தால் 5 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் இறக்கி, காற்று 100 கிலோ விசையோடு இழுப்பதாகக் கொண்டால், 23 மீட்டர் போதும், சூத்திரம் பொய்க்கவில்லை. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகி, 45 மீட்டர், அதாவது ஒன்பது மடங்கு தேவைப்படுகிறது. அதே காற்றில் 20 மீட்டர் ஆழத்துக்கோ 92 மீட்டர் போதும். அது ஐந்து மடங்குகூட இல்லை. ஆழம் குறைந்த இடமே அபயம் என்று நம்பிக் கரையோரம் ஒண்டுகிறவர், விகிதாசாரத்தில் அதிகச் சங்கிலி விட வேண்டியவராகிறார்!

சரித்திரம் சொல்லாவிட்டால் கட்டுரை நிறைவு பெறாதாம். தொங்கும் சங்கிலியின் வளைவு ஏறத்தாழப் பரவளையம் என்று கலிலியோ எழுதினார். அதன் மெய்யான வடிவத்தை 1691-இல் லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோகான் பெர்னூலி ஆகியோர் வெளியிட்டனர். பாய்ப்படகுப் பிரியரான பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜி. ஐ. டெய்லர் 1933-இல் கலப்பை வடிவ நங்கூரத்தைப் படைத்தார். இவ்வளவு போதும்.

அதற்குப்பின் வந்த புதுப்புது நங்கூரங்கள் மணலில் விரைவாகப் புதைகின்றன என்பது மெய்யே. ஆயினும் அசையவே அசையாது என்னும் விளம்பரத்தை நம்புகிறவர், கடற்புல் அடர்ந்த தரையிலும் பவளச் சிதைவுகளிலும் அதே அலகு மேலோட்டமாகச் சுரண்டிக்கொண்டு போவதைக் கண்டு திகைப்பார். சங்கிலியின் வளைவும் சர்வரோக நிவாரணியன்று. பெருங்காற்றில் அது அநேகமாக நேர்கோடாகிவிட, திறந்த குடாவினுள் புகும் அலை அணியத்தைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் அடி நேரே நங்கூரத்தின்மேல் விழுகிறது. அப்போது அதை வாங்கிக்கொள்வது, அனுபவசாலிகள் சங்கிலியில் கொக்கியிட்டு அணியத்தோடு கட்டிவைக்கும் சில மீட்டர் நைலான் கயிறுதான். இழுப்புக்கு நீண்டு கொடுத்துச் சுருங்கும் அந்த மலிவான சரக்கு, படகின் விளிம்பில் உராய்ந்து நைந்துவிடும் என்பதால், உராயும் இடத்தில் பழைய ரப்பர்க் குழாயைச் செருகி வைக்கிறார்கள்.