படங்களைச் சுருக்குமுன்...

இந்நாட்டில் வாழும் எம்மவர் இல்லங்களிலே பழைய புகைப்படங்கள் மிகக் குறைவு. ஊரில் அலுமாரி நிறைய அல்பங்கள் வைத்திருந்த குடும்பங்கள்கூட, 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது கையில் அகப்பட்டவற்றையே எடுத்துச் சென்றன. பின்னர் வன்னியில் இடம் மாறி இடம் மாறி ஓடியவர்கள் அவற்றிலும் பலவற்றைத் தொலைத்தார்கள். எஞ்சியிருப்பது அநேகமாக ஒரு கலியாணப் படம், ஒரு பாடசாலைக் குழுப்படம், கடவுச்சீட்டுக்கென எடுத்த ஒரு முகப்படம். அவற்றோடு பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, ஒன்றிரண்டு கடிதங்கள்.

இவற்றை இப்போது எமது பிள்ளைகள் மின்வருடியில் இட்டுக் கணினியில் ஏற்றுகிறார்கள். பழைய மாணவர் சங்கத் தளங்களிலும் குடும்பப் பக்கங்களிலும் அவை வெளிவருகின்றன. வரவேற்கத்தக்க முயற்சியே. ஆனால் வருடிய படம் பெருங்கோப்பு. இணையத்தில் இறங்க நேரம் எடுக்கும். கைத்தொலைபேசியில் காசு கொடுத்துத் தரவு வாங்கிப் பார்க்கும் ஊர் உறவுகளுக்கு அது வீண் செலவு. ஆகவே சுருக்க வேண்டியுள்ளது. எந்த மென்பொருளால் சுருக்குவது என்பதே ஒக்லாந்திலுள்ள பல பெற்றோரின் கேள்வி. கருவியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர எமக்கு மனமில்லை. சுருக்கும்போது எது கழிக்கப்படுகிறது என்பதை அறியாதவரின் கையில் நல்ல கருவியும் கெடுதியே செய்யும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாலு அங்குலத்துக்கு ஆறு அங்குலப் படமொன்றை, அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற நுணுக்கத்தில் வருடினால் 2400க்கு 3600 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 86 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். ஒரு புள்ளிக்கு மூன்று பைற் வீதம் கோப்பு சுமார் 26 மெகாபைற் ஆகும். திரையில் பார்ப்பதற்கு இவ்வளவு வேண்டியதில்லை. நீளப்பக்கத்தை 1600 புள்ளியாகக் குறைத்தாலே புள்ளிகளின் தொகை ஐந்தில் ஒன்றாகிவிடும். பலர் இந்த முதற்படியைத் தாண்டிச் சென்று, படத்தின் பருமனைக் குறையாமல் வைத்துக்கொண்டே தரத்தைக் கெடுத்துச் சுருக்குகிறார்கள். பருமனைக் குறைத்த பின்னரே தரத்தில் கைவைக்க வேண்டும்.

சுருக்குதல் இருவகைப்படும். பாடசாலையில் நாம் 'சுருக்கி எழுதுக' என்று ஒரு பந்தியைக் கொடுப்போம். மாணவர் அதனை மூன்றில் ஒரு பங்காக எழுதித் தருவர். கருத்து நிற்கும், ஆனால் அந்தச் சுருக்கத்திலிருந்து மூலப் பந்தியைச் சொல்லுக்குச் சொல் மீட்க எவராலும் முடியாது. சுருக்கெழுத்து அப்படியன்று. தட்டெழுத்தாளர் அதனை விரித்து எழுதினால் சொன்னது சொன்னபடியே திரும்ப வரும். ஜேபெக் என்பது முதலாவது வகை, பி.என்.ஜி. இரண்டாவது வகை. சுருக்கத்தை மீண்டும் சுருக்கச் சொன்னால் என்ன நேரும் என்பதை ஆசிரியத் தொழில் செய்தவர்கள் அறிவார்கள். ஜேபெக் படத்தைத் திறந்து, திருத்தி, மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் அதுவே நடக்கிறது.

ஜேபெக் தரம் 1992இல் வெளிவந்தது. அதன் உள்ளே இயங்கும் கணித முறையை 1974 சனவரியில் வெளியிட்ட மூவரில் முதல்வர் பெங்களூரிற் பிறந்த நசீர் அகமது. மற்றிருவர் அவருடைய மாணவர் நடராஜனும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்ற கே. ஆர். ராவும் ஆவர். இவ்வாய்வுக்கு 1972இல் நசீர் அகமது கேட்ட நிதியுதவியை அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றம் மறுத்தது என்பது ஒரு சுவையான செய்தி. முறை இதுதான்: படம் எட்டுக்கு எட்டு என 64 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒளி மெதுவாக மாறும் பகுதி பேணப்பட்டு, மனிதக் கண் அதிகம் கவனியாத நுண்மாற்றங்கள் கழிக்கப்படுகின்றன. பெரும்பாலும் நிறத்தின் நுணுக்கமும் பாதியாக்கப்படுகிறது. முகம், வானம், சேலை மடிப்பு ஆகியவற்றுக்கு இது அற்புதமாகப் பொருந்தும்.

எழுத்துக்குப் பொருந்தாது. எழுத்து என்பதே வெள்ளையில் திடீரெனத் தோன்றும் கருமை; அந்தத் திடீர் மாற்றத்தைத்தான் ஜேபெக் கழிக்கப் பார்க்கிறது. தரத்தை மிகக் குறைத்தால் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தாற்போலப் புள்ளிகள் தோன்றும். ஆங்கிலத்திற் பெரும் சேதமில்லை. தமிழில் ஒரு புள்ளி இருப்பதும் இல்லாதிருப்பதும் வேறு வேறு எழுத்தல்லவா? மெய்யெழுத்தின் புள்ளி மறைகிறது, இல்லாத இடத்தில் ஒன்று முளைக்கிறது. சான்றிதழிலுள்ள சிவப்பு முத்திரையும் நீல மையிலான ஒப்பமும் கசிந்து பரவுகின்றன. ஆகவே கடிதம், சான்றிதழ் முதலியவற்றுக்குப் பி.என்.ஜி. என்பதே எமது முடிவு. கோப்பு பெரிதாகும், ஆகட்டும்.

எழுத்துள்ள பக்கங்களைச் சுருக்குவதில் இதைவிடப் பாரதூரமான ஓர் ஆபத்தும் உண்டு. 2013 ஓகஸ்ட் மாதம் டேவிட் கிறீசெல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், செரொக்ஸ் நிறுவனத்தின் சில வருடிப் பொறிகள் இலக்கங்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். வீட்டு வரைபடமொன்றில் மூன்று அறைகளின் பரப்புகள் 14.13, 21.11, 17.42 சதுர மீற்றர் என இருந்தன. வருடிய பிரதியில் மூன்றுமே 14.13 ஆகியிருந்தன. வேறு பக்கங்களில் 6 என்பது 8 ஆனது. காரணம், அப்பொறி பயன்படுத்திய சுருக்கு முறை. ஒரே மாதிரித் தோன்றும் எழுத்துகளை ஒரு முறை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதனையே மீண்டும் பதிக்கும் முறை அது. நுணுக்கம் குறைவாயின் 6ம் 8ம் அதற்கு ஒன்றாகிவிடும். எழுத்து மங்கினால் ஐயம் கொள்வோம். இங்கோ எழுத்துத் தெளிவாகவே இருக்கிறது, ஆனால் பொய்யாக இருக்கிறது. நிறுவனம் அம்மாதமே திருத்த மென்பொருளை வெளியிடத் தொடங்கியது. பிறந்த திகதி ஒன்றில் ஓர் இலக்கம் பிசகினால் அகதி விண்ணப்பதாரர் ஒருவர் எத்தனை அதிகாரிகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த முறையின் ஆரம்பகால ஆராய்ச்சியிற் குறிப்பிடத்தக்க பங்கு நியூசிலாந்திலேயே நடந்தது. ஒக்லாந்துக்குத் தெற்கே ஹமில்ரனிலுள்ள வைக்காற்றோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த இயன் விற்றன், 1990களின் முற்பகுதியில் அச்சுப் பக்கங்களின் படங்களை இவ்வாறு சுருக்குவது பற்றி ஆராய்ந்தவர்களுள் ஒருவர். 1994இல் மொஃபற், ரிம் பெல் ஆகியோருடன் அவர் எழுதிய நூல் இத்துறையில் பெயர் பெற்றது. அவர்கள் வகுத்த முறையில் இரண்டு படிகள் இருந்தன. முதற்படி, ஒத்த எழுத்துகளைச் சேர்த்துச் சுருக்குவது. இரண்டாம் படி, சுருக்கத்துக்கும் மூலத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் தனியே சேமிப்பது. வேண்டியபோது இரண்டையும் கூட்டினால் மூலப் பக்கம் புள்ளி பிசகாமல் மீளும். 2023இல் காலமான விற்றன், கிறீன்ஸ்ரோன் என்ற இலவச எண்ணிம நூலக மென்பொருளின் பிதாமகரும் ஆவார். வித்தியாசத்தையும் வைத்திருக்க வேண்டும் என்ற அவர்களது எண்ணம் எமக்கு மிகப் பிடித்தது. வீட்டில் நாம் செய்யக்கூடியது அதனினும் எளிது: மூலக் கோப்பையே அப்படியே வைத்துக்கொண்டு, பிரதியை மட்டும் சுருக்குவது.

இனிக் கருவிகள். விண்டோஸ் கணினி வைத்திருப்போருக்கு இர்ஃபான்வியூ போதும். பொஸ்னியாவின் யாய்சே என்ற ஊரிற் பிறந்து வியன்னாவிற் படித்த இர்ஃபான் ஸ்கில்யான் 1996இல் வெளியிட்ட மென்பொருள் இது. வீட்டுப் பாவனைக்கு இலவசம். நூறு படங்களை ஒரே தடவையில் பருமன் குறைத்துச் சேமிக்கலாம். நிறத்தின் நுணுக்கத்தைக் குறையாது வைக்கும் தெரிவும் அதில் உண்டு. எந்தக் கணினியிலும் இயங்கும் கிம்ப் என்ற இலவச மென்பொருள் திருத்த வேலைகளுக்கு நன்று; வெறுமனே சுருக்குவதற்கு அது கத்தரிக்காய் நறுக்க வாள் எடுத்த கதைதான். கூகிளைச் சேர்ந்தவர்கள் 2018இல் வெளியிட்ட ஸ்கூஷ் என்பதை இணைய உலாவியிலேயே திறக்கலாம். மூலத்தையும் சுருக்கத்தையும் இடமும் வலமுமாகக் காட்டி, நடுக்கோட்டை நகர்த்தி ஒப்பிட விடுகிறது. கற்பிப்பதற்கு இதைவிடச் சிறந்ததொன்றை நாம் காணவில்லை. பிள்ளையை அருகிருத்தி, தர இலக்கத்தை 90, 75, 40 என இறக்கிக் காட்டுங்கள். எந்த இடத்தில் பாட்டியின் மூக்குத்தி மறைகிறது என்று கேளுங்கள். அந்த இலக்கம் நூற்றுவீதமன்று. மென்பொருளுக்கு மென்பொருள் அது வேறுபடும். 100 என்று வைத்தாலும் ஜேபெக் சிறிதளவு கழிக்கவே செய்யும். முகப்படங்களுக்கு 75க்கும் 85க்கும் இடையில் வைத்தாற் பெரும்பாலும் குறை தெரியாது.

ஸ்கூஷின் இன்னொரு சிறப்பு, படம் உங்கள் கணினியை விட்டு வெளியேறாமல் அங்கேயே சுருக்கப்படுவது. ரைனி பி.என்.ஜி. போன்ற தளங்களும் திறமையாகச் சுருக்குகின்றன. ஆனால் அவற்றில் படம் முதலில் மற்றவருடைய கணினிக்குச் செல்கிறது. பூப்படத்துக்குப் பரவாயில்லை. அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வழக்குக் கடிதம் ஆகியவற்றை அவ்வழி அனுப்புவதை நாம் ஏற்கமாட்டோம். அத்தளங்களிற் பல, பி.என்.ஜி. என்ற பெயரிலேயே நிறங்களை 256 ஆகக் குறைத்துத் தருவதும் உண்டு. அப்பொழுது அது சுருக்கெழுத்தன்று.

வெப்பி, ஏவிஃப் என்ற புதிய வகைகள் ஜேபெக்கிலும் சிறிய கோப்பைத் தருகின்றன. சங்கத்துத் தளத்துக்கு வெப்பி பொருந்தும். பழைய தொலைபேசி வைத்திருக்கும் உறவுகளுக்கு அனுப்ப ஜேபெக்கே நிச்சயம்.

அரசாங்க விண்ணப்பங்களில் நேர்மாறான தொல்லை உண்டு. நியூசிலாந்துக் குடிவரவுத் திணைக்களம் இணையவழி விசா விண்ணப்பத்துக்குரிய முகப்படம் 500 கிலோபைற்றுக்குக் குறையாமலும் 3 மெகாபைற்றுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்கிறது. அளவுக்கு மீறிச் சுருக்கிய படமும் திரும்பி வரும். விண்ணப்பிக்கும் நாளில் விதியை மீண்டும் பார்த்துக்கொள்க. ஐபோன் 2017இலிருந்து ஹெய்க் என்ற வகையிற் படங்களைச் சேமிப்பதால், அவற்றை ஜேபெக்காக மாற்றவேண்டியும் வரலாம்.

இன்னொன்று முக்கியம். கைத்தொலைபேசியில் எடுத்த படத்துக்குள், எடுத்த நாளும் நேரமும், சிலவேளை இடத்தின் அகலக்கோடு நெடுங்கோடும் மறைந்திருக்கும். 2012 டிசம்பரில், தலைமறைவாயிருந்த ஜோன் மக்கஃபீ குவாத்தமாலாவில் இருப்பது ஒரு சஞ்சிகை வெளியிட்ட படத்துக்குள் இருந்த இக்குறிப்பினாலேயே அம்பலமாயிற்று. ஊரிலுள்ள உறவினரின் வீட்டு வாசலில் எடுத்த படத்தைப் பகிரங்கமாக இடுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். ஸ்கூஷ் இக்குறிப்பை நீக்கிவிடும். இர்ஃபான்வியூவில் சேமிக்கும்போது அதனை வைப்பதா விடுவதா என்று தெரிவு செய்யலாம். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டு, குறிப்பும் நீங்கிச் செல்கிறது. 'ஆவணம்' என அனுப்பினால் முழுக் கோப்பும் குறிப்போடு அப்படியே செல்லும். எனவே உறவினர் மூலப்படத்தைக் கேட்டால் ஆவணமாக அனுப்புங்கள். பொதுக்குழுவுக்கு அப்படி அனுப்பாதீர்கள்.

மாங்கெரே குடியமர்வு நிலையத்துக்கு வந்திறங்கும் குடும்பங்கள் சிலவற்றிடம் எல்லா ஆவணமும் ஒரு தொலைபேசிக்குள் மட்டுமே இருக்கும். இடம் போதவில்லை என்று படங்களைச் சுருக்கி மூலத்தை அழிப்பது அங்கேதான் நடக்கிறது. அழிக்குமுன் அவற்றை ஒரு சிறிய யு.எஸ்.பி. நினைவகத்துக்கு மாற்றி, இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில் வைப்பது நன்று. சொந்தக் கணினி இல்லாதோர் ஒக்லாந்து நகர நூலகங்களிலுள்ள பொதுக் கணினிகளைப் பயன்படுத்தலாம். வேலை முடிந்ததும் கோப்புகளை அங்கிருந்து நீக்கிவிட்டு வரவேண்டும்.

படங்களைப் பொதுவில் வைக்க விரும்புவோர் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தாரின் 'ஆவணகம்' பகுதியைப் பார்க்கலாம். அத்தகைய காப்பகங்களுக்குக் கொடுக்கும்போது மூலக் கோப்பையே கொடுங்கள். ஸ்ரூடியோவில் எடுத்த பழைய படங்களின் பின்புறத்தில் கடையின் முத்திரையும் திகதியும், சிலவேளை அப்பாவின் கையெழுத்தில் இரண்டொரு பெயர்களும் இருக்கும். அதனையும் வருடி, முன்புறத்தின் பெயரிலேயே 'பின்' என்று சேர்த்துப் பி.என்.ஜி.யாகச் சேமியுங்கள்.