குத்தாலத்தைக் ‘குட்டாலம்’ ஆக்கும் குரல்கள்

மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் போகும் ரயில் பாதையில் குத்தாலம், நரசிங்கன்பேட்டை, ஆடுதுறை, திருவிடைமருதூர், திருநாகேஸ்வரம் என்று நிலையங்கள் வரிசையாக வரும். தமிழ் எழுத்தில் எழுதியிருந்தால் இந்தப் பெயர்களை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடத் தட்டுத்தடுமாறியாவது சரியாகப் படித்துவிடும். ஆங்கில எழுத்தில் பார்த்துப் படிப்பவரோ மாட்டிக்கொள்வார். தகரம், டகரம் இரண்டுக்கும் அங்கே பல இடங்களில் ஒரே எழுத்துதான். நெடிலுக்கும் குறிலுக்கும் வேறுபாடு இல்லை. குத்தாலம் ‘குட்டாலம்’ ஆகலாம், ஆடுதுறை ‘அடுதுரை’ ஆகலாம். பதிவு செய்யப்பட்ட பயண அறிவிப்புகளில் வர்க்க வேறுபாடு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டால், ஊர்ப்பெயர் பிறழும் இந்த இடத்தைத்தான் காட்ட வேண்டும்.

வழக்கமாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு வேறு. “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று தொடங்கும் ரயில்வே தமிழ் புத்தகத் தமிழாக இருக்கிறது, யாரும் அப்படிப் பேசுவதில்லை என்பார்கள். யாரும் அப்படிப் பேசாததுதான் அதன் பலம். இங்கிலாந்தில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே வானொலியில் ஒலித்த ‘தரமான’ உச்சரிப்பு, பணக்காரப் பள்ளிகளில் படித்த ஒரு வர்க்கத்தின் வீட்டுப் பேச்சு. 1941-இல் யார்க்‌ஷயர்க்காரரான வில்ஃப்ரெட் பிக்கிள்ஸைப் பிபிசி செய்தி வாசிக்க வைத்தபோது, அந்த வட்டாரக் குரலைப் பலரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தமிழில் எழுத்து நடை எந்தச் சாதிக்கும் வீட்டுப் பேச்சு அல்ல. அக்ரஹாரத்துப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் அதைப் பள்ளிக்கூடத்தில்தான் கற்கிறார்கள். பேச்சுத் தமிழிலோ இரண்டு வாக்கியம் பேசினாலே ஊரும் சாதியும் தெரிந்துவிடும். காவிரி டெல்டா போல நிலமும் சாதியும் பின்னிக் கிடக்கும் பகுதியில், பொது அறிவிப்பு யாருடைய வீட்டுத் தமிழிலும் இல்லாதிருப்பது சிறிய விஷயம் அல்ல. ஆகவே அறிவிப்பு வாக்கியத்தை வட்டாரப் பேச்சுக்கு மாற்றச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பிரச்சினை ஊர்ப்பெயரில்தான். ரயில் அறிவிப்பு ஒரே மூச்சில் பேசிய பேச்சு அல்ல. எண்கள், ஊர்கள், ‘விரைவு வண்டி’, ‘நடைமேடை’ என்று தனித்தனியாகப் பதிவு செய்த துண்டுகளைக் கணினி கோர்க்கிறது. வண்டி எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லும்போது குரல் ஏறி இறங்குவதைக் கவனித்தால் ஒட்டு தெரியும். ஊர்ப்பெயரும் அப்படி ஒரு துண்டுதான். அந்தத் துண்டைப் பேசுபவர் முன்னால் தமிழ் எழுத்து இருந்ததா, ஆங்கில எழுத்து இருந்ததா என்பதைப் பொறுத்து ஊரே மாறிப்போகிறது. இப்போது எழுத்தைத் தானே வாசிக்கும் கணினிக் குரல்கள் பெருகிவிட்டதால் ஆபத்து கூடியிருக்கிறது. ஆங்கில வழியாகத் தமிழுக்கு வரும் இந்த உச்சரிப்பு எந்த மாவட்டத்துக்கும் உரியதல்ல. அது படிப்பும் வசதியும் சேர்ந்து உண்டாக்கிய புது வட்டார வழக்கு. தமிழக அரசே இந்தச் சிக்கலை உணர்ந்து 2020-இல் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டது. எழுத்துக்கூட்டல்கள் கேலிக்கு ஆளாகவே சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. காதுக்குச் செய்ய வேண்டிய திருத்தத்தை ஆங்கில எழுத்தில் செய்யப் போனதுதான் அங்கே நடந்த தவறு.

“கண்டக்டர் இன்னும் ‘மாயவரம், மாயவரம்’ என்றுதானே கூவுகிறார்? மயிலாடுதுறை என்று பெயர் மாறி நாற்பது வருடம் தாண்டிவிட்டது, யாரும் வழிதவறவில்லையே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கண்டக்டரிடம் “ஏங்க, குத்தாலம் நிக்குமா?” என்று திருப்பிக் கேட்க முடியும். ஒலிபெருக்கியிடம் கேட்க முடியாது. கையில் செயலி இருப்பவர் திரையைப் பார்த்துக்கொள்வார். படிக்கத் தெரியாத மூதாட்டிக்கும் பார்வையற்றவருக்கும் அந்தக் குரல் ஒன்றே துணை. 2023 பிப்ரவரியில் சென்னை சென்ட்ரலில் ஒலி அறிவிப்பை நிறுத்தி, திரைகளே போதும் என்று முடிவெடுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அறிவிப்பு திரும்பி வந்தது. அதே ஆண்டில் சென்னை மாநகரப் பேருந்துகளில் அடுத்த நிறுத்தத்தைச் சொல்லும் பதிவுக் குரல் அறிமுகமானது. இந்த ஏற்பாடு நாளை டெல்டாவின் பேருந்துகளுக்கும் வரும். வரவேற்க வேண்டியதுதான். கண்டக்டர் கூவும் இடத்தில் கணினி பேசப் போகிறது என்றால், அது சொல்லும் பெயர் அந்த ஊர்க்காரர் காதில் உடனே ஏற வேண்டும்.

வெளியூர்க்காரருக்கும் புரிய வேண்டாமா என்றால், அதற்குத்தான் ஆங்கில அறிவிப்பும் இந்தி அறிவிப்பும் தனியே வருகின்றன. எந்த வட்டாரத்தின் உச்சரிப்பு என்று சண்டை வராதா என்றால், ஊர்ப்பெயருக்கு அந்தச் சண்டையே இல்லை: அந்தந்த ஊரில் எப்படிச் சொல்கிறார்களோ அதுவே சரி. செலவும் பெரிதல்ல. துண்டு துண்டாகக் கோர்ப்பதால், ஒரு பெயரை மாற்ற ஒரே ஒரு துண்டைப் புதிதாகப் பதிந்தால் போதும். தெற்கு ரயில்வேயும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் செய்ய வேண்டியவை இரண்டுதான். ஊர்ப்பெயர்ப் பட்டியலைத் தமிழ் எழுத்திலிருந்து பதியுங்கள். ஒலிபெருக்கியில் ஏற்றும் முன் அந்த ஊர் நிலைய ஊழியர் ஒருவரிடம் போட்டுக் காட்டி, சரிதானா என்று கேளுங்கள்.